பிளஸ் ஒன் சைக்கிளின் பின்பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கும் படங்கள் ஆண்டுதோறும் உங்கள் நாளிதழில் வருகின்றன. எம்.எல்.ஏ. ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பார், பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். எல்லாமே பகலில், முன்பக்கத்திலிருந்து எடுத்த படங்கள். அதே சைக்கிளை மாலை ஆறரை மணிக்குப் பின்னாலிருந்து ஒரு தடவை பார்க்கச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், சேதுபாவாசத்திரம் பக்கம் சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான்.

திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்த திட்டம் அது. பஸ்ஸை நம்பியிருந்தால் பத்தாவதோடு நின்றிருக்கக்கூடிய பெண் பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே உண்டு.

சைக்கிளுக்கு ரிப்ளெக்டர் கட்டாயம் என்று ஒன்றிய அரசு 2020இல் தரக்கட்டுப்பாட்டு ஆணையே போட்டது. பின் மட்கார்டில் சிவப்பாக ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் புத்தகப் பை கேரியரில் ஏறியதும் கதை முடிந்தது. பிளஸ் ஒன் பை லேசான பை இல்லை. கிளிப்புக்கு அடங்காமல் பின்னால் சரிந்து, மட்கார்டின் மேல் உட்கார்ந்து, அந்தச் சிவப்பை முழுசாக மூடிவிடுகிறது. பை மூடாததைச் சேறு மூடுகிறது. கார்த்திகை, மார்கழியில் எங்கள் பக்கம் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் பிள்ளை, பின்னால் வரும் வண்டிக்காரர் கண்ணுக்கு வெறும் நிழல்தான்.

அவர் பக்கத்திலிருந்தும் பார்ப்போம். 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவது 40, 50 மீட்டர். அதாவது சைக்கிள் கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க அவருக்குக் கிடைப்பது இரண்டு நொடி. எதிரே ஒரு பஸ் ஹைபீம் போட்டுக்கொண்டு வந்தால் அதுவும் இல்லை.

“ஓரமாகப் போக வேண்டியதுதானே?” என்பார்கள். ஓரம் எங்கே இருக்கிறது? தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போகிறது, பக்கத்து மண் அப்படியே கிடக்கிறது. ஹாரன் சத்தத்துக்குப் பயந்து சக்கரம் அந்த விளிம்பிலிருந்து இறங்கினால் சைக்கிள் சாயும், அதுவும் சில சமயம் சாலைப் பக்கமாகவே. உள்சாலைகளில் அறுவடைக் காலத்தில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. நெல்லை வாரிய பிறகும் சுற்றி வைத்த கல் அங்கேயே கிடக்கும். களம் இல்லாத விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. அந்தக் கல்லையாவது எடுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.

ஒரு காலத்தில் சைக்கிளில் விளக்கு இல்லாவிட்டாலோ, டபுள்ஸ் போனாலோ போலீஸ்காரர் நிறுத்திக் காற்றைப் பிடுங்கிவிடுவார். சைக்கிளுக்கு லைசென்ஸாக நகராட்சி தரும் சின்னத் தகடு, அதாவது வில்லை, வேறு வாங்க வேண்டும். வில்லை போனதில் வருத்தமில்லை, விளக்கும் கூடவே போய்விட்டதே. ஹெல்மெட் பற்றிக் கேட்பீர்கள். போட்டால் நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? ஆனால் முதலில் அந்தப் பிள்ளை கண்ணில் பட வேண்டும்.

அதற்குப் பெரிய செலவு இல்லை. லாரி, டிராக்டர் டிப்பர் பின்னால் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கரில் ஒரு சாண் வெட்டி மட்கார்டின் அடி நுனியில், பை எட்டாத இடத்தில், ஒட்டினால் போதும். இன்னொரு துண்டு பையின் பின்பக்கமே ஒட்டலாம். பெடல் ரிப்ளெக்டரைக் கழற்றிப் போடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் கெஞ்சிக்கொண்டே இருக்கிறேன். மிதிக்கும்போது அது மேலும் கீழுமாக ஆடுவதால்தான் போவது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிகிறது. ஸ்டைலுக்காக அதைத்தான் முதலில் கழற்றுகிறார்கள்!

அப்புறம் பிரேக். நூற்றுக்கணக்கில் மொத்தமாகப் பூட்டும் சைக்கிளில் நட்டு இறுக்கம் ஒரே மாதிரி இருக்காது. புதுசு என்று கடைக்கு வருவதில் பிரேக் கட்டை ரிம்மைத் தொடாமல் நிற்பதும், சக்கரம் கோட்டமாக ஓடுவதும், ஹேண்டில் தனியாகத் திரும்புவதும் எனக்குப் பழகிவிட்டது. மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் நல்ல கட்டையே வழுக்கும். தேய்ந்த கட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடி, மழையில் முன்கூட்டியே பிடி என்று பி.டி. சார் ஒரு வகுப்பில் சொல்லிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

பள்ளிக் கல்வித் துறைக்கு உங்கள் வழியாக ஒரு கோரிக்கை. சைக்கிள் கொடுக்கும் நாளுக்கு முந்தின நாள், அந்தந்த ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்களைப் பள்ளிக்குக் கூப்பிடுங்கள். பிரேக், ஹேண்டில், கோட்டம் பார்த்து, ஸ்டிக்கரும் ஒட்டி விடுகிறோம். ஒரு நாள் கூலியும் மத்தியானச் சாப்பாடும் போதும், ஸ்பேனரை நாங்களே கொண்டு வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் கடைக்காரர்,
தஞ்சாவூர் மாவட்டம்.