ஸ்காபரோ சங்கங்களுக்கு: எம்.பி. அலுவலகச் செய்திகள்
உறவுகளே, எங்கள் தொகுதி எம்.பி.யின் செய்திமடல் வந்தால் விழா அழைப்போடு மூடிவிடாதீர்கள். நிதியுதவி அறிவிப்புகளையும் வாசியுங்கள்.

முதியோருக்கான நியூ ஹொரைசன்ஸ் திட்டத்தில் ஒரு சமூக அமைப்புக்கு 25,000 டொலர் வரை கிடைக்கலாம். ஆனால் அந்த வேலைத்திட்டம் முதியோரே முன்னின்று நடத்துவதாகவோ அவர்களின் எண்ணத்தில் பிறந்ததாகவோ இருக்க வேண்டும். அதனால் அம்மா, அப்பாமாரிடம் முதலில் கேளுங்கள்.

கனடா சமர் ஜொப்ஸ் (கோடைகால வேலைத் திட்டம்): 15 முதல் 30 வயதுப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புக்கு ஆகக்குறைந்த சம்பளம் (minimum wage) முழுவதும் கிடைக்கக்கூடும். அமைப்புகள் விண்ணப்பிப்பது கோடையில் அல்ல. அண்மைய ஆண்டுகளில் நவம்பரிலேயே தொடங்குகிறது.

விண்ணப்பம் மத்திய அரசுக்குத்தான் போகும். விளக்கம் வேண்டுமென்றால் எம்.பி. அலுவலகத்தில் கேட்கலாம். விருப்பமுள்ள சங்கங்கள் இங்கே பெயரைப் போடுங்கள், சேர்ந்து எழுதுவோம்.