பொந்து மரங்களை நிற்கவிட்ட உங்களுக்கு

மகாராஷ்டிராவின் மேல்காட் காட்டோரக் கிராமங்களின் அண்ணன்மார், அக்காமார், வனக்காவலர்கள், தொலைவில் இருந்து பணம் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் வணக்கம். கோடை முடிந்து மழை இறங்கிவிட்டது, இனி தீப் பயம் இல்லை. நம் காட்டுச் சிறு ஆந்தையைக் காத்ததற்காக வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. முடியாததால் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் நன்றி இலுப்பைப் பூ பொறுக்கும் கோர்க்குப் பழங்குடிப் பெண்களுக்கு. பூ உதிரும் மார்ச், ஏப்ரலில் மரத்தடிச் சருகைக் கொளுத்திவிட்டால் பூ தெளிவாகத் தெரியும், வேலையும் சட்டென்று முடியும். ஆனால் அந்தத் தீ மரத்தடியோடு நிற்காது, அதே மாதங்களில்தான் மரப் பொந்துக்குள் ஆந்தைக் குஞ்சும் இருக்கும். நீங்கள் விடியும் முன்பே வந்து, குனிந்து குனிந்து சருகைக் கையால் ஒதுக்கிவிட்டுப் பூ பொறுக்கினீர்கள். அந்த முதுகு வலிக்கு நான் என்ன சொல்லி ஈடு செய்வது?

இந்தக் காட்டுச் சிறு ஆந்தையை 1884க்குப் பிறகு 113 வருஷம் யாரும் பார்க்கவில்லை. அழிந்தேபோயிற்று என்று பலர் நினைத்திருந்தபோது, 1997 நவம்பரில் மகாராஷ்டிராவின் ஷஹாதா பக்கத்துக் காட்டில் அமெரிக்கப் பறவையியலாளர் பமீலா ராஸ்முசென் குழு திரும்பக் கண்டது. இந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. பட்டப்பகலில் மொட்டைக் கிளையில் வெயில் காய்ந்தபடி வாலை வெட்டி வெட்டி ஆட்டும், கீழே ஓணான் அசைந்தால் அப்படியே விழுந்து பிடிக்கும். சொந்தமாகப் பொந்து குடையத் தெரியாது. அதனால்தான் வயலோரத்துப் பட்ட மரத்தை விறகுக்கு வெட்டாமல் விட்ட விவசாயிகளை இவ்வளவு கொண்டாடுகிறேன், அந்த ஒரு மரம் போனால் கூடு வைக்க இடமே இல்லை.

அப்புறம், இலைக்கொத்தை வைத்தே ராத்திரி முழுக்கத் தீயை அடித்து அணைத்த இளைஞர்கள், கூட்டின் இடத்தைக் கடைசிவரை வெளியே சொல்லாத, ஆந்தைக் குரலை ஒலிபரப்பி அதை அலைக்கழிக்காத புகைப்படக்காரர்கள், உங்களுக்கும் மனசார நன்றி. பணம் அனுப்பியவர்களே, அது தீ தாண்டாதபடி சருகையும் புல்லையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டியவர்களின் கூலிக்கும் டார்ச்சுக்கும்தான் போனது.

மழை விட்டதும் மறுபடி கோடு வெட்டும் வேலை இருக்கிறது. கூப்பிட வருவேன், வந்துவிடுங்கள்.