இணையவழிப் பாடத்துக்கு மாணவர் ஆயத்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் இணையவழிப் பாடங்கள் பெருகிவருவது குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இத்தகைய பாடங்களில் சேரும் மாணவர்களுக்கு வழிகாட்டியாக இருக்கும் ஆசிரியை என்ற முறையில், அக்கட்டுரை தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தில் படிக்கலாம் என 2016இல் அனுமதித்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. அப்படிப் படிக்க மாணவர் ஆயத்தமாக இருக்கிறாரா என்று பார்ப்பது கல்லூரியின் பொறுப்பு. ஆனால், பதிவு நாளில் பெரும்பாலும் கேட்கப்படுவது மின்னஞ்சல் முகவரி உண்டா, கைபேசியில் இணைய இணைப்பு உண்டா என்பவை மட்டுமே. 'யாரும் சொல்லாமல் நானே படிப்பேன்' என்பதற்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள் என்று கேட்கும் படிவங்களும் உண்டு; பேராசிரியர் எதிரில் நிற்கையில் குறைத்துப் போட எந்த மாணவருக்கு மனம் வரும்?

தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த மாணவி ஒருவர் அரை மணி நேர ஆங்கில விரிவுரையைக் கேட்பதை அருகிலிருந்து பார்த்தேன். திரையில் தெரிந்த ஒவ்வொரு வரியையும் காணொலியை நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டார். முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதில் எது முக்கியம் என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. ஐயம் கேட்கும் பகுதியிலும் அவர் எதுவும் எழுதியதில்லை. பிழையான ஆங்கிலத்தை ஊரே படிக்குமே என்ற கூச்சம். இத்தனைக்கும் அவர் வகுப்பில் நன்றாகப் படிப்பவர்.

ஐஐடி போன்ற நிறுவனங்கள் ஸ்வயத்தில் நடத்தும் என்பிடெல் பாடங்களில் வாரந்தோறும் செய்யும் ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், மையத்துக்குச் சென்று எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற முன்னதில் 10, பின்னதில் 30 வேண்டும். புதன்கிழமை இரவுக் கெடு நெருங்கியதும் விடைகள் வாட்ஸ்அப் குழுவில் சுற்ற ஆரம்பித்துவிடுவதால் ஒப்படைப்பு மதிப்பெண் எங்களுக்கு எதையும் காட்டுவதில்லை. மாணவரின் உண்மை நிலை, கட்டணம் கட்டித் தேர்வறையில் உட்கார்ந்த பிறகே தெரிகிறது.

ஆகவே, பதிவுக்கு முன்பே கணினி ஆய்வகத்தில் அப்பாடத்தின் விரிவுரை ஒன்றைக் காட்டி, தமிழிலோ ஆங்கிலத்திலோ அரைப் பக்கக் குறிப்பும் இரண்டு கேள்விகளும் எழுதச் சொல்ல வேண்டும். அந்த ஒரு தாள், மாணவரே நிரப்பும் எந்தப் படிவத்தையும்விட அதிகம் சொல்லும். முன்னறிவைச் சோதிக்கப் பாடத்தின் தொடக்கத்தில் தரப்படும் 'வாரம் 0' ஒப்படைப்பையும், மதிப்பெண் இல்லை என்று தள்ளிவிடாமல், ஆசிரியர் முன்னிலையில் செய்ய வைக்கலாம்.

இச்சோதனையைக் காட்டி எவரையும் விலக்கிவிடக் கூடாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். தடுமாறுபவர்களுக்கு, குறிப்பாக வீட்டின் முதல் பட்டதாரிகளுக்கு, வாரம் ஒரு மணி நேரம் ஆசிரியருடன் அமர்ந்து அப்பாடத்தைப் பார்க்கக் கால அட்டவணையிலேயே இடம் வேண்டும். அந்த நேரம் ஆசிரியரின் பணிச்சுமையிலும் கணக்கிடப்பட வேண்டும். அடுத்த பருவப் பதிவு தொடங்கும் முன் உயர்கல்வித் துறையும் பல்கலைக்கழகங்களும் இதற்கான சுற்றறிக்கையை அனுப்பினால், கல்லூரிகள் அதற்கேற்ப அட்டவணை போட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கல்லூரி ஆசிரியை ஒருவர்,
விழுப்புரம்.