முதல் டூர்னமெண்ட் ஆடி முடித்தோம், மேசை வரை கூட்டிப்போன எல்லோருக்கும் நன்றி

போன வாரக் கடைசியில் என் பார்ட்னரும் நானும் முதல் தடவையாக ஒரு பிரிட்ஜ் (இரண்டு ஜோடிகள் எதிரெதிரே ஆடும் சீட்டாட்டம்) டூர்னமெண்டில் உட்கார்ந்து ஆடினோம். இரண்டு செஷன், மொத்தம் 48 போர்டு (ஒரு போர்டு என்றால் ஒரு தடவை பங்கிட்ட கை), கடைசியில் வந்தது 47 சதவீதம் (50 என்றால் சராசரி). எங்களுக்கு அதில் ரொம்பவே சந்தோஷம். அன்றைக்கு இருந்த ஓட்டத்தில் யாரிடமும் நின்று ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை, ஒரு மேசை முடிந்ததும் அடுத்த மேசை, அது முடிந்ததும் அடுத்தது என்று போய்க்கொண்டே இருந்தது. அதனால் இப்போது எல்லோர் முன்னாலும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்கே தெரியும்.

முதலில் அக்காவுக்கு. நாங்கள் இரண்டு பேரும் கணினியில், ரோபோக்களோடு ஆடியே பிரிட்ஜ் கற்றுக்கொண்டவர்கள். டூர்னமெண்டுக்குத் தயாராக வேண்டும் என்று போய் நின்றபோது எங்கள் ஏல சிஸ்டம் என்ன, ஒரு நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) கேட்க எத்தனை பாயிண்ட் என்றெல்லாம்தான் கேட்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது, "நிஜச் சீட்டைக் கையில பிடிச்சு எவ்வளவு நாள் ஆச்சு?" அந்தக் கேள்வியின் அருமை அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. கணினியில் முறை தவறி சீட்டு போடவே முடியாது. ஹார்ட் இறங்கியிருக்கும்போது கையில் ஹார்டை வைத்துக்கொண்டு போடாமல் ஏமாந்துவிடவும் முடியாது, ஹார்டைத் தவிர மற்றது நகராது. பிடிகளை (ஆளுக்கு ஒரு சீட்டாக விழும் ஒவ்வொரு சுற்றும் ஒரு பிடி) அதுவே எண்ணிக்கொள்ளும். நிஜ மேசையில் இதெல்லாம் நம் பொறுப்பு. போர்டிலிருந்து சீட்டை எடுத்ததும், அதன் முகத்தைப் பார்க்கும் முன்பே 13 இருக்கிறதா என்று எண்ண வேண்டும். ஜெயித்த பிடியை நீளவாக்கில் பார்ட்னரை நோக்கியும், தோற்றதைக் குறுக்காகவும் கவிழ்த்து வரிசையாக வைக்க வேண்டும். ஏலத்தில், அதாவது எத்தனை பிடி எடுப்போம் என்று கேட்கும்போது, படி தாவிக் கேட்டால் ஸ்டாப் சீட்டை எடுத்து வைக்க வேண்டும், அடுத்தவர் பத்து விநாடி போலக் காத்திருந்து பதில் சொல்ல வேண்டும்.

அக்கா இரண்டு பிட்டிங் பாக்ஸை (ஏலம் கேட்கும் சீட்டுகள் உள்ள பெட்டி) எங்களிடம் கொடுத்து, வீட்டில் வைத்துக்கொண்டு தினமும் பத்து கை ஏலம் மட்டும் கேட்டுப் பழகச் சொன்னார். பேசக் கூடாது, சீட்டை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் விரல் தானாகச் சரியான சீட்டைத் தேடிப் போக ஆரம்பித்தது. டூர்னமெண்டில் ஒரு போர்டுக்குக் கிட்டத்தட்ட ஏழு நிமிடம்தான் கிடைக்கும். விரல் தடுமாறும் நேரமெல்லாம் யோசிக்க வேண்டிய நேரத்திலிருந்துதான் போகும் என்பது முதல் ரவுண்டிலேயே புரிந்துவிட்டது. நன்றி அக்கா.

அடுத்து ஐயாவுக்கு. இதைத்தான் எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். பெரிய போட்டிகளில் ஆடுகிற ஒருவர், பல வருடமாகச் சேர்ந்து ஆடும் தன் பார்ட்னரிடம் சொல்லிவிட்டு, மூன்று மாதம் ஒரு வாரம் என்னோடும் மறு வாரம் என் பார்ட்னரோடும் உட்கார்ந்து ஆடினார். தன் பெயருக்கு எதிரே 41, 38 என்று சதவீதம் வரும் என்று தெரிந்தே உட்கார்ந்தார். ஆட்டத்தின் நடுவில் ஒரு வார்த்தை திருத்த மாட்டார், முகம்கூட மாறாது. முடிந்த பிறகு ஒரே ஒரு கையை எடுத்துப் பேசுவார். எத்தனை தப்பு செய்திருந்தாலும் அன்றைக்கு ஒன்றுதான்.

அதில் ஒரு கையைச் சொல்லியே ஆக வேண்டும். நான் 3 நோ டிரம்ப், அதாவது துருப்பு இல்லாமல் ஒன்பது பிடி எடுக்க வேண்டும்; வல்னரபிள், அதாவது போனஸும் தண்டனையும் கூடுதல். இடப்பக்கத்திலிருந்து ஹார்ட் லீட் (முதல் சீட்டு). என்னிடம் ஹார்டில் ஏஸும் இரண்டு சின்னச் சீட்டும், டம்மியில் (மேசையில் திறந்து வைக்கும் பார்ட்னர் கை) இரண்டு சின்னது. டம்மி இறங்கியதும் நான் அவசரமாக ஏஸைப் போட்டு எடுத்துவிட்டேன். உறுதியான பிடி எட்டு, ஒன்பதாவது டைமண்டில் ஃபினெஸ் செய்துதான் (ராஜா எந்தப் பக்கம் என்று ஊகித்து ஆடுவது) வர வேண்டும். செய்தேன், வலப்பக்கத்தில் இருந்த ராஜாவிடம் போய்ச் சேர்ந்தது, அவர் ஹார்டைத் திருப்பினார், இடப்பக்கத்தவர் மிச்சமிருந்த நான்கு ஹார்டையும் எடுத்தார். ஒன்று டவுன், ஒரு பிடி குறைந்தது. 600 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 100.

ஆட்டம் முடிந்ததும் ஐயா அந்த 52 சீட்டையும் திரும்பப் பரப்பினார். "எதிராளிங்க கிட்ட எத்தனை ஹார்ட்?" எட்டு. "லீட் பண்ணவர் கிட்ட அஞ்சுன்னா?" மற்றவரிடம் மூன்று. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஏஸை மட்டும் என் பக்கம் கொஞ்சம் இழுத்து வைத்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. முதல் இரண்டு தடவை ஏஸைப் போடாமல் விட்டுப் பிடித்து, மூன்றாவது ஹார்டில் எடுத்திருந்தால் வலப்பக்கத்தவரிடம் ஹார்டே மிச்சம் இருந்திருக்காது. டைமண்ட் ராஜா அவருக்கே போகட்டும், திருப்ப ஹார்ட் இல்லை. இந்த உத்தியைப் பற்றி அதற்கு முன்பே நூறு தடவை படித்திருப்பேன், பயிற்சிக் கணக்காகப் போட்டும் இருக்கிறேன். மேசையில் மணி ஓடும்போது அது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஐயா சொன்ன வைத்தியம் ரொம்ப எளிது: டம்மி இறங்கியதும் கையிலிருக்கும் சீட்டைக் கவிழ்த்து மேசையில் வை, பிடிகளை எண்ணி முடிக்கும் வரை எடுக்காதே. போன வாரம் 48 போர்டிலும் டிக்ளேரராக, அதாவது ஏலம் ஜெயித்து ஆடுபவராக, ஆடிய எல்லாக் கையிலும் அப்படித்தான் செய்தேன் ஐயா. இரண்டாவது செஷனில் கிட்டத்தட்ட இதே கை வந்தது, ஒன்பது பிடி எடுத்தேன்.

எங்கள் கன்வென்ஷன் கார்டில் (எந்த ஏலத்துக்கு என்ன பொருள் என்று எழுதி வைக்கும் தாள்) பாதியை அடித்ததும் ஐயாதான். ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், பிளாக்வுட், வீக் டூ, இது போதும், மற்றதெல்லாம் மறந்துபோய்ச் சண்டை போடத்தான் உதவும் என்றார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் 48 போர்டில் ஒரு ஏலத்தில்கூட எங்களுக்குள் குழப்பம் வரவில்லை.

ஜோடிப் போட்டியின் கணக்கை எங்கள் மண்டையில் ஏற்றிய அண்ணனுக்கும் ஒரு பெரிய நன்றி. வல்னரபிள் இல்லாதபோது 4 ஸ்பேடில் பத்து பிடி எடுத்தால் 420, 3 நோ டிரம்பில் பத்து பிடி எடுத்தால் 430. டீம் ஆட்டத்தில் இந்தப் பத்துப் புள்ளிக்கு ஒரு மதிப்பும் இல்லை, பூஜ்யம் ஐஎம்பி (டீம் ஆட்டத்தில் போடும் புள்ளி). ஜோடி ஆட்டத்தில் அதே கையை ஆடிய மற்ற எல்லோரோடும் ஒப்பிடுவதால், அந்தப் பத்துப் புள்ளியே 420 எடுத்த அத்தனை ஜோடிகளையும் நமக்குக் கீழே தள்ளிவிடும். இதை அவர் பத்து நிமிடத்தில் ஒரு தாளில் போட்டுக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

இனி டைரக்டர், போட்டியின் நடுவர். முதல் செஷனில் ஐந்தாவதோ ஆறாவதோ போர்டு. எதிராளிகள் 4 ஸ்பேடில் முடித்தார்கள், கடைசியாக 4 ஸ்பேட் சொன்னவருக்கு இடப்பக்கம் நான், ஹார்ட் ராணியை முகம் தெரியத் தூக்கிப் போட்டேன். ஆனால் ஸ்பேடை முதலில் சொன்னது அவருடைய பார்ட்னர். அப்படியென்றால் டிக்ளேரர் அவர்தான், லீட் செய்ய வேண்டியது என் பார்ட்னர். எதிராளி "டைரக்டர், தயவுசெய்து" என்று கையைத் தூக்கியதும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. நீங்கள் வந்தீர்கள், ஒரு நிமிடம் என் சீட்டைப் பார்த்தீர்கள், டிக்ளேரருக்கு இருக்கும் ஐந்து வழிகளையும் நிதானமாகச் சொன்னீர்கள்: அந்த லீடை ஏற்றுக்கொண்டு தானே ஆடலாம், தன் கையைப் பரப்பிவிட்டுப் பார்ட்னரை ஆடவிடலாம், என் பார்ட்னரை ஹார்டே போடச் சொல்லலாம், ஹார்ட் போடக் கூடாது என்று தடுக்கலாம், அல்லது எதை வேண்டுமானாலும் போடவிட்டு என் ராணியைத் தண்டனைச் சீட்டாக மேசையிலேயே கிடக்கவிடலாம். குரலில் குற்றம் சாட்டும் தொனி துளிகூட இல்லை. அவர் ஹார்டைத் தடுத்தார், நான் ராணியைக் கையில் எடுத்துக்கொண்டேன், ஆட்டம் நடந்தது. இடைவேளையில் எங்களைத் தேடி வந்து, முதல் லீடைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்ட்னரிடம் ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்கும் பழக்கம் எதற்காக என்று விளக்கினீர்களே, அதற்குத் தனியாக நன்றி. இரண்டாவது செஷனில் அந்தப் பழக்கம் ஒரு தடவை என்னைக் காப்பாற்றியது. கவிழ்த்து வைத்த சீட்டை உங்களைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்ன பிறகு, அப்படியே எடுத்துக்கொண்டேன். டைரக்டர் என்றாலே தண்டனை என்று பயந்து ஒதுங்கி நிற்கும் புதியவர்கள் நிறைய பேர் எனக்குத் தெரியும். சீட்டு ஆடத் தெரியாமல் அவர்கள் ஒதுங்கவில்லை, இந்தப் பயம்தான் காரணம். உங்கள் மேசைக்கு அவர்கள் ஒரு தடவை வந்தால் போதும்.

எதிரே உட்கார்ந்து ஆடிய ஜோடிகளுக்கும் நன்றி, குறிப்பாகக் கடைசி ரவுண்டில் கிழக்கு மேற்காக வந்தவர்களுக்கு. நான் ஸ்கோரைத் தப்பாகப் பதிந்ததை நீங்கள் கவனித்துத் திருத்தாமல் விட்டிருந்தால் உங்களுக்குத்தான் லாபம்.

பார்ட்னர், உனக்குக் கடைசியில் எழுதுகிறேன். ஒரு கையில் நீ ரொம்ப நேரம் யோசித்து பாஸ் சொன்னாய். என் கையோ பாஸ் சொல்லவும் போதும், இன்னொரு தடவை கேட்கவும் போதும் என்கிற மாதிரி இருந்தது. நீ யோசித்ததை வைத்து நான் கேட்கக் கூடாது என்று பாஸ் சொன்னேன். கேம் (பெரிய போனஸ் தரும் ஏலம்) தவறியது, போர்டில் எங்களுக்குப் பூஜ்யம். வெளியே வந்ததும் நீ சொன்ன முதல் வார்த்தை, "சரியா பண்ணினே." இந்த 47 சதவீதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த போர்டு அதுதான்.

அக்கா, அந்த இரண்டு பிட்டிங் பாக்ஸும் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. எங்களை மாதிரியே கணினியில் கற்றுக்கொண்ட இன்னொரு ஜோடி அடுத்த டூர்னமெண்டுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்துவிடட்டுமா?