வேற்றுக்கிரகவாசி வியக்க வேண்டிய இடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அறிவியல் புனைகதைகளுக்கு இடம் கொடுத்து வருவதற்கு முதலில் நன்றி. அவற்றில் ஒரு வகைக் கதை அடிக்கடி தலைகாட்டுகிறது. நம்மைவிடப் பல மடங்கு முன்னேறிய வேற்றுக்கிரகவாசிகள் மனிதரைத் துச்சமாக எடைபோடுகிறார்கள். கடைசியில் மனிதர் ஏதோ ஒரு யுக்தி செய்ய, அவர்கள் அசந்துபோகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த வகை இது. அதனால்தான் வருத்தமும் அதிகம். அந்த யுக்தி என்ன என்பதை எழுதுபவர்கள் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். நாயகி இரண்டு கம்பிகளை இணைக்கிறாள், கப்பல் உயிர்பெறுகிறது. எந்தக் கம்பி, அதுவரை ஏன் யாரும் அதை இணைக்கவில்லை, மாற்றி இணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதெல்லாம் கதையில் இல்லை. வாசகருக்கே வராத வியப்பு வேற்றுக்கிரகவாசிக்கு எப்படி வரும்?

இந்த வகைக் கதைக்கு உண்மையான கரு ஒன்று தயாராகவே இருக்கிறது. 1977 செப்டம்பர் 5 அன்று ஏவப்பட்ட வாயேஜர் 1 விண்கலத்தை, 2024இல் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகப் பொறியாளர்கள் பூமியில் இருந்தபடியே பழுதுபார்த்த நிகழ்ச்சி அது.

2023 நவம்பர் 14 அன்று வாயேஜர் உளறத் தொடங்கியது. 0, 1 என்ற எண்கள் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வந்தன. அளவீடு எதையும் படிக்க முடியவில்லை. ஆனால் வானொலி அலை ஒழுங்காக வந்தது. பூமி அனுப்பிய ஆணைகளையும் கலம் ஏற்றுக்கொண்டது. ஆக, ரேடியோ நலம், ஆணைகளைப் பெறும் கணினியும் நலம். கருவிகளின் அளவீடுகளைத் தொகுத்து அனுப்பத் தயார் செய்யும், கலத்தின் மூன்று கணினிகளில் ஒன்றான எஃப்.டி.எஸ்.ஸில்தான் கோளாறு. அதை நிறுத்தி மீண்டும் தொடங்க வைத்துப் பார்த்தார்கள். பலனில்லை.

இங்கே சில எண்களைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கதையே அவற்றில்தான் இருக்கிறது. அந்தக் கணினியின் நினைவகம் மொத்தம் 8,192 சொற்கள் (சொல் என்பது இங்கே கணினி ஒருசேரக் கையாளும் தரவுத் துண்டு), ஒவ்வொன்றும் 16 பிட். பூமியிலிருந்து கலத்துக்கு ஆணை போகும் வேகம் நொடிக்கு 16 பிட். அங்கிருந்து அறிவியல் தரவு வரும் வேகம் நொடிக்கு 160 பிட். கலத்தின் ரேடியோ சக்தி ஏறக்குறைய 23 வாட். அப்போது தூரம் 2,400 கோடி கிலோமீட்டர். ஒரு ஆணை போய்ச்சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். கையில் இருந்த ஆவணங்களோ பல பத்தாண்டுகளுக்கு முன் வேறு பொறியாளர்கள் எழுதியவை. இப்படி ஒரு கோளாறு வரும் என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

2024 மார்ச் 1 அன்று எஃப்.டி.எஸ்.ஸை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கும் ஆணை ஒன்றை அனுப்பினார்கள். கெட்டுப்போன பகுதி எதுவாக இருந்தாலும் அதைத் தாண்டிக் குதித்து, நிரலின் வேறு வரிசைகளை இயக்கிப் பார் என்பதே அதன் சாரம். மார்ச் 3 அன்று வந்த உளறலில் ஒரு பகுதி மட்டும் வேறுவிதமாக இருந்தது. தொலைவிண்வெளி ஆன்டெனா வலையமைப்பின் பொறியாளர் ஒருவர் அதைப் பிரித்துப் படித்தார். அதற்குள் எஃப்.டி.எஸ். நினைவகம் முழுவதன் நகலும் இருந்தது! கலம் நலமாக இருந்த காலத்து நகலோடு அதை ஒப்பிட்டார்கள். நினைவகத்தில் ஏறக்குறைய 3 சதவீதம் கெட்டிருந்தது. காரணம் ஒரே ஒரு நினைவகச் சில்லு (சிப்). அதிவேகத் துகள் ஒன்று தாக்கியிருக்கலாம், அல்லது 46 ஆண்டுகள் உழைத்து ஓய்ந்திருக்கலாம்.

3 சதவீதம் என்றால் சுமார் 250 சொற்கள். அங்கே இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்றலாம் என்றால், அதை முழுசாக ஏற்கும் அளவுக்கு ஒரே இடத்தில் காலியிடம் இல்லை. ஆகவே நிரலைத் துண்டுகளாக வெட்டி, ஆங்காங்கே கிடைத்த இடங்களில் வைத்தார்கள். வெட்டுவது எளிது, தையல் போடுவதுதான் கடினம். ஒவ்வொரு துண்டு முடியும் இடத்திலும், அடுத்த துண்டு இருக்கும் முகவரிக்குத் தாவச் சொல்ல வேண்டும். பழைய முகவரியை நம்பி அங்கே தாவும் வரிகள் மற்ற நிரல்களில் எங்கெங்கே இருக்கின்றனவோ, அத்தனையையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் கணினி செத்த சில்லுக்குள் தாவும், அல்லது தரவை ஆணை என்று நினைத்து இயக்கத் தொடங்கும். அது நடந்துவிட்டது என்பதே பூமிக்கு ஏறத்தாழ இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும். எனவே முதலில் கலத்தின் உடல்நிலைத் தகவலைத் தொகுக்கும் பகுதியை மட்டும் மாற்றினார்கள். ஏப்ரல் 18 அன்று ஆணை போனது. 20ஆம் தேதி, ஐந்து மாதங்களுக்குப் பிறகு, படிக்கக்கூடிய தகவல் வந்தது. ஜூன் மாதத்துக்குள் இயங்கிக்கொண்டிருந்த நான்கு அறிவியல் கருவிகளும் தரவு அனுப்பத் தொடங்கின.

இதை ஒரு வேற்றுக்கிரகப் பொறியாளர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கேதான் நம் எழுத்தாளர்கள் பெரிதாகச் சறுக்குகிறார்கள்: அவரை முட்டாளாக்கிவிடுகிறார்கள். அவர் அறிவாளியாக இருந்தால்தான் அவருடைய வியப்புக்கு மதிப்பு. உதிரிச் சில்லு இல்லை, கலத்தை யாரும் எட்ட முடியாது, அணுமின்கலத்தின் சக்தி ஆண்டுக்கு 4 வாட் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. 'இது முடிந்த கதை' என்று அவர் குறித்துக்கொண்டால், அவருடைய கணக்கில் அது சரியான முடிவு. நினைத்த மாத்திரத்தில் கலத்தின் அருகே போய்ச் சில்லை மாற்றிவிடக்கூடிய இனத்துக்கு, முகவரிகளைத் திருத்தியே கலத்தைப் பிழைக்கவைக்கும் பழக்கம் வளர்ந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் மனிதரைக் குறைத்து எடைபோட இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

இந்தக் கருவை யாராவது எழுதுவதானால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எஃப்.டி.எஸ். நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் தாங்கும். மின்சாரம் போனால் அதிலுள்ளது அழிந்துவிடும். பல ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கலத்தைக் கண்டெடுப்பவர் இந்தத் திருத்தத்தைப் படிக்கவே முடியாது. அவர் கையில் கிடைப்பது, பூமியின் ஒலிகளையும் வாழ்த்துகளையும் பதிந்து கலத்தோடு அனுப்பிய தங்கமுலாம் பூசிய இசைத்தட்டு மட்டும்தான். ஆகவே சாட்சி அந்த ஐந்து மாதங்களிலேயே அங்கே இருந்தாக வேண்டும். இசைத்தட்டைப் பற்றியும் ஒரு திருத்தம்: அதில் 55 மொழிகளில் வாழ்த்து இருக்கிறது, தெலுங்கு, கன்னடம், சிங்களம் உண்டு, தமிழ் இல்லை. வேற்றுக்கிரகவாசி தமிழில் 'வணக்கம்' கேட்டு நெகிழும் காட்சியை எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அந்தத் தட்டை வைத்து எழுத முடியாது.

இன்னொரு கரு வேண்டுமானால் ஜப்பானின் ஹயபூசா. 2003இல் ஏவப்பட்டு, இடோகாவா என்ற சிறுகோளைத் தொட்டுத் திரும்பிய கலம். அதில் நான்கு அயனி எஞ்சின்கள். அயனி எஞ்சினில் இரண்டு உறுப்புகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும்: ஒன்று செனான் வாயுவின் அயனிகளை, அதாவது நேர்மின்னூட்டம் பெற்ற அணுக்களை, வெளியே தள்ளும், இன்னொன்று எலக்ட்ரான்களை உமிழ்ந்து மின்னூட்டத்தைச் சமன் செய்யும். இரண்டாவது இல்லையென்றால் கலமே எதிர்மின்னூட்டம் ஏறி, தள்ளிய அயனிகளைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். 2009 நவம்பரில், வீடு திரும்பும் வழியில், டி எஞ்சின் நின்றது. பி எஞ்சினின் சமன்செய்யும் உறுப்பு அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது. தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்கப்பட்ட ஏ எஞ்சினிலோ அந்த உறுப்பு புதிதாகவே இருந்தது. ஏ எஞ்சினின் எலக்ட்ரான்களையும் பி எஞ்சினின் அயனிகளையும் சேர்த்து ஒரே எஞ்சினாக ஓட்டினார்கள். தள்ளுவிசை ஒரு எஞ்சினுக்கு உரியது, செலவாகும் செனான் இரண்டு எஞ்சினுக்கு உரியது. ஆனாலும் போதுமானதாக இருந்தது. இது முடிந்ததற்குக் காரணம், இரண்டு மின்சுற்றுகளையும் இணைக்கும் டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு உறுப்பு) ஒன்றை ஏவுவதற்கு முன்பே யாரோ முன்யோசனையோடு பொருத்தியிருந்ததுதான். கலம் 2010 ஜூன் 13 அன்று ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் மண்துகள்களைக் கொண்டுசேர்த்தது. அந்த டயோடைக் கண்டுபிடித்து 'இது எதற்கு?' என்று வேற்றுக்கிரகவாசி குழம்பும் காட்சியை யாராவது எழுத வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, வேற்றுக்கிரகக் கப்பலின் கணினிக்கு ஒரே இரவில் வைரஸ் எழுதி நுழைக்கும் கதைகளைத் தயவுசெய்து குறைத்துக்கொள்ளலாம். மனிதரே வடிவமைத்த கணினியில், மனிதர் எழுதிய ஆவணங்களை வைத்துக்கொண்டு, 250 சொற்களை இடம்மாற்றத் தொடங்கவே ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. முன்பின் பார்த்திராத இயந்திரத்துக்கு ஓர் இரவு போதும் என்பது, உண்மையில் உழைத்தவர்களின் திறமையையே சிறுமைப்படுத்துகிறது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய கதை அடுத்து வரும்போது, பழுது என்ன, கையில் என்ன இருந்தது, எத்தனை முறை முயல முடியும், தவறினால் எது போய்விடும் என்ற நான்கு கேள்விகளுக்குக் கதைக்குள் பதில் இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உண்மை நிகழ்ச்சியைத் தழுவிய கதையாக இருந்தால், அந்தக் கணக்குகளைப் பக்கத்திலேயே ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுங்கள். பள்ளி மாணவர்கள் பலர் முதலில் படிப்பது இந்த இணைப்பைத்தான்.

இப்படிக்கு,
அறிவியல் புனைகதை வாசகர்,
திருச்சிராப்பள்ளி