வைகையின் இரு கரையையும் ஒரே ஊராகக் கணக்கில் எடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
சோழவந்தான், தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம் ஊர்ப் பொதுமக்கள்,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 – சோழவந்தான் பேரூராட்சியை ஒட்டிய தென்கரைப் பகுதி ஊராட்சிகளைப் புறவளர்ச்சிப் பகுதியாக (நகரத்தை ஒட்டி நகர வசதிகளோடு வளர்ந்த கிராமமாக) குறித்து, வசதிகளைத் திட்டமிடும்போது இரு கரை மக்களையும் சேர்த்து எண்ணக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மதுரைக்கு வடமேற்கே 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், வைகையின் வடகரையில் இருக்கிறது சோழவந்தான். எதிர்க்கரையில் தென்கரை. நடுவில் ஆறும் ஒரு பாலமும். அரசுக் கோப்புகளில் வடகரை பேரூராட்சி, தென்கரை கிராம ஊராட்சி. ஆனால் இங்கே குடியிருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே ஊர்தான். அந்தக் கரைப் பிள்ளைகள் படிக்க வருவது இந்தக் கரைக்கு. பிரசவம் என்றாலும் பாம்புக்கடி என்றாலும் ஓடி வருவது சோழவந்தான் அரசு மருத்துவமனைக்கு. ரயிலுக்கும் இங்குதான், பஸ் மாறவும் இங்குதான். ஆனால் மருத்துவமனையில் எத்தனை படுக்கை, பேருந்து நிலையம் எவ்வளவு பெரிது, சந்தைக்கு எவ்வளவு இடம் என்று மதிப்பீடு போடும்போது பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் தலைகளை மட்டும் எண்ணுகிறார்கள். அதுவும் 2011-ஆம் ஆண்டுக் கணக்கு.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது தாங்கள் அறிந்ததே. மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30,38,252 என்று இன்றும் எழுதிக்கொண்டிருப்பது அதனால்தான். இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்குநாளாக வைத்துப் புதிய கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டிருக்கிறது. இதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்புக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதனால்தான் இந்த மனு.

இரு கரையும் ஒரே ஊர் என்பது எங்கள் ஆசைக்குச் சொல்வதல்ல. தென்கரை மூலநாத சுவாமி கோயில் கல்வெட்டுகளில் இந்த ஊர் 'பாகனூர்க் கூற்றத்துச் சோழாந்தக சதுர்வேதிமங்கலம்' என்று வருகிறது. சோழாந்தகன் என்பது பத்தாம் நூற்றாண்டில் ஆண்ட வீரபாண்டியனின் பட்டப்பெயர். 'சோழன் தலைகொண்ட' என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அரசன் அவன். பெயர் பொறித்த கல் தென்கரையில் இருக்கிறது, அந்தப் பெயரின் மிச்சம் வடகரையில் ஊர்ப்பெயராக நிற்கிறது. சோழன் உவந்ததால் சோழவந்தான் ஆயிற்று என்று ஒரு கதையும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, கல்வெட்டுதான் நம்பத்தக்கது.

ஊரின் பிழைப்பும் இரு கரைக்கும் பொதுவானதே. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்து, அந்தத் தண்ணீர் வைகையில் விழுந்து, ஆற்றின் குறுக்கே உள்ள பேரணையிலிருந்து கால்வாயில் திரும்பிய பிறகுதான் இந்தப் பக்கம் நெல் இருபோகம் ஆனது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனம் என்று அரசே சொல்லும். 1959-இல் வைகை அணை திறக்கப்பட்டது. நெல், தென்னை, வாழை எல்லாம் உண்டு. ஆனால் சோழவந்தான் என்றால் வெளியூர்க்காரர் நினைவுக்கு வருவது வெற்றிலைதான். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடிக்கால், அதாவது வெற்றிலைத் தோட்டம், இரு கரையிலும் இருக்கிறது. அகத்தி நட்டு, கொடி ஏற்றி, நாள் தவறாமல் ஈரம் காத்து, ஆள் வைத்துக் கிள்ளி, கவுளி கவுளியாக அடுக்கி அனுப்பும் வேலை. தென்கரையில் கிள்ளினாலும் அது சோழவந்தான் வெற்றிலை என்றுதான் விலை போகிறது. (விலை போகிறதா என்பது வேறு மனு.) வெற்றிலைக்கு ஒரே முகவரி இருக்கும்போது அதைக் கிள்ளுகிறவர்களுக்கு ஏன் இரண்டு?

ஆட்களும் அப்படித்தான். தமிழறிஞர் அரசஞ்சண்முகனார் வடகரைக்காரர். பாடகர், நடிகர் டி.ஆர். மகாலிங்கம் தென்கரைக்காரர், பெயரின் முதல் எழுத்தே தென்கரைதான். ஆனாலும் அவரைச் 'சோழவந்தான் பக்கத்து ஆள்' என்றுதான் உலகம் சொல்கிறது. சித்திரைப் பௌர்ணமிக்கு ஜெனகை நாராயணப் பெருமாள் கள்ளழகர் கோலத்தில் ஆற்றில் இறங்கும்போதும், வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழாவிலும் எந்தக் கரை ஆள் என்று யாரும் கேட்பதில்லை.

மனு எழுதும் நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கணக்கெடுப்பு வேலைக்குப் போனவன் என்பதால் விதியும் ஓரளவு தெரியும். பேரூராட்சி என்பது சட்டப்படியான நகரம். அதை ஒட்டி நகர வசதிகளோடு வளர்ந்த கிராமத்தைப் புறவளர்ச்சிப் பகுதி என்று குறிக்கலாம். நகரமும் அதன் புறவளர்ச்சியும் சேர்ந்து 20,000 பேருக்குக் குறையாமல் இருந்தால் நகரத் தொகுதியாகக் கொள்ளவும் சென்ற கணக்கெடுப்புகளில் வழி இருந்தது. சோழவந்தான் பேரூராட்சி தனியாகவே 20,000-ஐத் தாண்டியது. ஆற்றைக் காரணம் சொல்லி ஒதுக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். வைகை இரு கரையிலும் வளர்ந்த மதுரையை யாரும் இரண்டு ஊராக எண்ணுவதில்லையே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஊராட்சிகளைப் பேரூராட்சியோடு இணைக்க நாங்கள் கேட்கவில்லை. இணைத்தால் வீட்டு வரி ஏறும், அரசின் ஊரக வேலைத் திட்டம் போய்விடும் என்ற பயம் தென்கரைப் பக்கம் நிறையவே இருக்கிறது, அது நியாயமான பயமும்கூட. நிர்வாக எல்லைகளை மாற்றும் காலமும் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. புறவளர்ச்சி என்று குறித்தாலும் ஊராட்சி ஊராட்சியாகவே இருக்கும், வரியும் வேலையும் அப்படியே இருக்கும். எண்ணிக்கை மட்டும் ஒன்றாகத் தெரியும். அது போதும்.

ஆகவே, மாவட்டத்தின் முதன்மைக் கணக்கெடுப்பு அலுவலர் என்ற முறையில் தாங்கள் வருவாய்த் துறை மூலம் களஆய்வு செய்யச் சொல்லி, தகுதியுள்ள ஊராட்சிகளைப் புறவளர்ச்சியாகச் சேர்க்கக் கணக்கெடுப்பு இயக்குநரகத்துக்குப் பரிந்துரை அனுப்புமாறு வேண்டுகிறோம். அது முடியாவிட்டாலும், மருத்துவமனை, பேருந்து, குடிநீர், சந்தை ஆகியவற்றுக்கு இனி மதிப்பீடு தயாரிக்கும் துறைகள் இரு கரை எண்ணிக்கையையும் கூட்டிப் போட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையாவது தாருங்கள்.

ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் பள்ளி வேலைநாளில் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் வந்து வைகைப் பாலத்தில் நிற்கட்டும். மதியம் வந்தால் ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரு கரைப் பொதுமக்கள் சார்பில்

இணைப்பு: ஊர்வாரியாகப் பொதுமக்கள் கையெழுத்துகள்