அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் கற்பிப்போம்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, கடலூர் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். கடலூரில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்தி வருகிறேன். ஒரு பகுதி பழுதானாலும் மீதி வேலை செய்யும்படி நெட்வொர்க்கை அமைப்பது எப்படி என்பதுதான் என் ஆய்வு. அதை இளநிலை மாணவர்களுக்கு ஆய்வகத்தோடு கூடிய தனிப் பாடமாக வைக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

நெட்வொர்க்கின் வேலையைப் பிரித்துக்கொள்ளும் ஏழு அடுக்குகள், ஐபி முகவரியைப் பிரிப்பது, தகவலைத் தவறாமல் கொண்டுசேர்க்கும் டிசிபி விதிமுறை நெரிசலைக் கையாளும் விதம் என்று நாம் சொல்லித் தருபவை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கைப் பற்றியவை. நாம் வாழும் கரையோ வேறு மாதிரி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து அங்கேயே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அது வடிவதற்குள் சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து கடலூரைச் சூழ்ந்தது. இங்கே படித்து வெளியே போகும் பிள்ளைக்கு டவரின் பேட்டரி தீர்ந்தபின் என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால், அந்தக் குறை நம்முடையது.

மாணவர்களிடம் நான் முதலில் ஒரு சிறு கணக்கைத் தருவேன். ஒரு இணைப்பு 99 சதவீத நேரம் இயங்குகிறது என்றால், வருடத்தில் ஏறத்தாழ மூன்றரை நாள் அது கிடையாது. அதே தரத்தில் இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் போவதற்கான வாய்ப்பு, நூறில் ஒன்றை நூறில் ஒன்றால் பெருக்கினால், பத்தாயிரத்தில் ஒன்று. மூன்றரை நாள் 53 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. வகுப்பே மகிழ்ந்துபோகும். பிறகு கேட்பேன்: இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் போனால்? ஒரே மின்கம்பத்தில் தொங்கினால்? ஒரு ஜேசிபி தோண்டினால் போதும், ஒரு கம்பம் விழுந்தால் போதும், பழையபடி மூன்றரை நாள்தான். பெருக்கல் செல்லுபடியாக இரண்டு பழுதுகளும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். நம் துறையின் ஆய்வில் பெரும்பகுதி இந்த ஒரு நிபந்தனையைச் சுற்றித்தான் நடக்கிறது. புயல் வந்தால் அந்த நிபந்தனை நிற்காது. அது ஒரு மாவட்டத்தையே ஒரே நேரத்தில் அடிக்கிறது.

இப்படி மறைந்திருக்கும் சார்பைக் கண்டுபிடிக்கப் பெரிய நிறுவனங்களே திணறுகின்றன. 2021 அக்டோபர் 4 இரவு நம் எல்லோர் கைப்பேசியிலும் வாட்ஸ்அப் நின்றுபோனது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, வாட்ஸ்அப்பை நடத்தும் ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் அவர்களின் டிஎன்எஸ் சர்வர்களுக்கான பாதையும் இணையத்திலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால், ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஆறு மணி நேரம் போனது. உபகரணப் பற்றாக்குறை அங்கே கிடையாது. எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற கேள்வியை எல்லா இடத்திலும் கேட்டு முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது, பாடப்புத்தகத்தில்தான் இல்லை. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பியோடு வயர்லெஸ்ஸையும், கரண்டோடு சோலார் தகடுகளையும் அவர்கள் பயன்படுத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் தளத்திலிருந்து அலை உயரத் தகவலை இறக்கி, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் கரையை விட்டு ஓடி உயிர் தப்பினார்கள். அந்தச் செய்தி கடந்த கடைசித் தூரத்துக்கு, தகவலுக்கு வழிகாட்டும் ரூட்டர் எதுவும் தேவைப்படவில்லை. ஒரே வகையில் இரண்டு வைப்பதைவிட வெவ்வேறு வகையில் இரண்டு வைப்பது மேல் என்று வகுப்பில் நான் எத்தனை சமன்பாடு எழுதினாலும், நல்லவாட்டின் அளவுக்கு அது மாணவர் மனதில் பதியாது.

ஆய்வகத்துக்குப் பணம் இல்லை என்பீர்கள். மினிநெட் போன்ற இலவச மென்பொருள் சாதாரண மடிக்கணினியிலேயே ஒரு முழு நெட்வொர்க்கை ஓட்டும். அதில் இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே ஒரு ஸ்விட்ச் வைத்து, ஸ்விட்சுக்கு அப்பாலுள்ள இணைப்பை மாணவரே துண்டிக்கச் சொல்லுங்கள். இந்தப் பக்க ரூட்டருக்கு எதுவும் தெரியாது. ரூட்டர்கள் தமக்குள் பாதைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஓஎஸ்பிஎஃப் விதிமுறையின் வழக்கமான அமைப்பில் 40 விநாடி காத்திருந்த பிறகுதான் அண்டை ரூட்டர் போய்விட்டது என்று முடிவு செய்யும். அந்த 40 விநாடியும் பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், வீணாவதைத் திரையில் பார்த்த மாணவருக்கு, அதை ஒரு விநாடிக்குள் கொண்டுவருவது எப்படி என்ற கேள்வி தானாக வரும். அவசரப்பட்டு நேரத்தை மிகவும் குறைத்தால், நெரிசலில் உயிரோடிருக்கும் ரூட்டரையே செத்ததாக எண்ணிவிடும் என்பதையும் அவரே கண்டுபிடிப்பார்.

பாடத்திட்டத்தில் இடம் இல்லை என்பது இரண்டாவது தடை. பாக்கெட்டின் தலைப்பகுதியான ஹெடரில் எந்தப் புலத்துக்கு எத்தனை பிட் என்று மனப்பாடம் செய்ய வைக்கும் வாரங்களை எடுத்துக்கொள்ளலாம். அதை இழப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

இறுதியாண்டு புராஜெக்டுகளையும் இந்தப் பக்கம் திருப்புங்கள். தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் புயல் எச்சரிக்கை எந்தெந்த வழியாக வருகிறது, அவற்றில் எவை ஒரே மின்சாரத்தையும் ஒரே டவரையும் நம்பியிருக்கின்றன என்று ஒரு குழு வரைபடம் போடட்டும். அரசு மருத்துவமனைக்கும் புயல் பாதுகாப்பு மையத்துக்கும் இன்னொரு குழு அதையே செய்யட்டும். கண்டதை மாவட்டப் பேரிடர் மேலாண்மைப் பிரிவிடம் கொடுக்கட்டும். பட்டம் வாங்கும் முன்பே ஊருக்கு அவர்கள் கொடுக்கும் முதல் பொறியியல் வேலையாக அது இருக்கும்.

உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். ஆய்வகப் பயிற்சிகளின் வரைவை நானே எழுதித் தருகிறேன். மற்ற கல்லூரி ஆசிரியர்களுக்கு விடுமுறையில் வந்து செய்துகாட்டவும் தயாராக இருக்கிறேன். அதற்கு ஊதியம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
வலையமைப்புப் பேராசிரியர் ஒருவர்,
கடலூர்